அப்பத்தா பேசிய கேசட்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

வெள்ளையடிப்பதற்காகப் பரணிலிருந்து இறக்கிய கேசட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம், பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கிறதே என்றாய். சினிமாப் பாட்டு கேசட்டுகளுக்கு நீ சொல்வது சரிதான். பட்டியல் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியவை. ஆசைக்கு நாலைந்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் நான் ஷார்ஜாவில் இருந்தபோது வீட்டிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டுகளை யாரும் தொடக் கூடாது. அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது.

அப்போது வெளிநாட்டுக்குப் போன் பேசுவது நமக்குக் கட்டுப்படியாகாது. சி-60 கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம் பேசலாம். விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உன் அப்பத்தாவுக்கு அதுதான் கடிதம். ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமிவிட்டு, "செவப்பு பட்டன அமுக்கிட்டியாடி?" என்று உன் அம்மாவைக் கேட்பாள். அதுவும் பதிவாகியிருக்கிறது. பிறகு கண்மாய் நிறைந்தது, செவலைப் பசு கன்று போட்டது, யார் வீட்டில் கல்யாணம், யார் வந்து கடன் கேட்டார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வாள். நடுவில் நீ அழுவதும் கேட்கும். உனக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த நேரம். எங்கள் அறையில் யார் வீட்டுக் கேசட் வந்தாலும் எல்லோரும் சேர்ந்துதான் கேட்போம். அப்பத்தாவின் குரலைக் கேட்டு அழுதவர்களில் மலையாளிகளும் உண்டு. உன் அம்மா பேசிய பக்கத்தை மட்டும் நான் வாக்மேனில் தனியாகக் கேட்பேன்.

பிளாஸ்டிக் நாடாவில் இரும்பு ஆக்சைடு தூளைப் பசையோடு பூசியதுதான் டேப். ஈரம் பட்டால் அந்தப் பசை விட்டுப்போகும். சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. ஓட்டினால் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன். மற்றவற்றின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டேன். இனி யாரும் தெரியாமல் அதன் மேல் பதிந்துவிட முடியாது.

எங்கள் கல்யாண வீடியோவும் இருக்கிறது. அந்த வீடியோ கேசட்டை ஓட்டுகிற வி.சி.ஆர். தயாரிப்பது 2016-லேயே நின்றுவிட்டது. நம் ஊர் வீடியோக்காரரிடம் ஓடுகிற டெக் ஒன்று இருக்கிறதாம். வீடியோ கேசட்டை அவரிடம் கொடுத்து கம்ப்யூட்டரில் பார்க்கிற மாதிரி மாற்றிவிடலாம்.

பொங்கலுக்கு வரும்போது டேப் ரெக்கார்டரையும் லேப்டாப்பையும் இணைக்கிற ஒயர் வாங்கி வா. ஒரு மணி நேர கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும்; குறுக்கு வழி இல்லை. அதனால் லீவை இரண்டு நாள் கூடுதலாகவே போடு. அம்மா பேசிய பக்கத்தை மட்டும் அவளிடம் கேட்டுவிட்டு ஏற்று.

அன்புடன்,
அப்பா