வளவில் எரியும் ஒற்றை அடுப்பு

செட்டிநாட்டு ஊர்களின் நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கங்களை நடத்தும் பெரியவர்களுக்கு, வணக்கம்.

கூட்டுக் குடும்பம் உடைந்ததால்தான் முதியவர்கள் தனித்துப் போனார்கள் என்று கல்யாண வீடுகளிலும் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீடுகளிலும் பேசிக்கொள்கிறோம். நம்மைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். கல்யாணமான மகனையும் மருமகளையும் வேறு வைப்பது நம் முன்னோர் தாமே வகுத்த முறை. வீட்டின் நடு முற்றமான வளவைச் சுற்றிய அறைகளில் ஒன்றைக் கொடுத்து, சாமான்களையும் கணக்காகப் பிரித்துக் கொடுத்து, தனி அடுப்பு மூட்டச் சொன்னார்கள். அப்பத்தா காலத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான்கு அடுப்புகள் எரிந்தன என்றும், காலையில் ஓர் அடுப்பு புகையாவிட்டால் மற்ற மூன்று அடுப்புக்காரர்களும் அந்த அறைக் கதவைத் தட்டிவிடுவார்கள் என்றும் ஆத்தா சொல்வார்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆண்கள் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்தில், பெண்கள் ஆண்டுக்கணக்கில் வீட்டைத் தாங்கியதும் அந்தத் துணையோடுதான்.

ஆகவே நாம் இழந்தது ஒரே உலையை அன்று, கதவைத் தட்டும் ஆளை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பங்காளிகள் எல்லோரும் ஒப்பினால் அன்றி ஓடு மாற்றவும் இயலாத வீட்டில் ஓர் ஆத்தா மட்டும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு என் ஆத்தா இரண்டாம் கட்டில் மாலையில் வழுக்கி விழுந்தார்கள்; மறுநாள் பால்காரர் வந்த பிறகே வெளியே தெரிந்தது. இரவு நான் தொலைபேசியில் அழைத்தபோது எடுக்கவில்லை. உறங்கியிருப்பார்கள் என்று எண்ணி விட்டுவிட்டேன். அதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

செட்டிநாட்டு ஊர்கள் சில 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுக்களத் தற்காலிகப் பட்டியலில் உள்ளன. தேக்குத் தூண்களுக்குக் கிடைத்த கவனம் மகிழ்ச்சிதான். அவற்றின் நடுவே இருப்பவர்களுக்கும் அது வேண்டும்.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி என்று வரிக்காக எழுதிவரும் கணக்கிலிருந்தே, யார் தனியே இருக்கக்கூடும் என்று ஊர்தோறும் அறியலாம். அவர்கள் வீட்டுக்கு நாள்தோறும் காலையில் ஒருவர் சென்று வர ஏற்பாடு செய்யுங்கள். நகரத்தாரின் பொது விடுதியான நகர விடுதி உள்ள ஊர்களில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பொது அடுப்பு மூட்டுங்கள். நம் வீடுகளைக் காத்தே முதுமையடைந்த வேலையாட்களும், எச்சாதியினராயினும், அந்தப் பந்தியில் சமமாக உட்கார வேண்டும். தனித்திருக்கும் ஆத்தாமார் இரண்டு மூன்று பேர் விரும்பினால் ஒரே வளவில் சேர்ந்து தங்குவதற்குப் பங்காளிகளிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றுக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் என் பங்குக்கு உரிய இரண்டு அறைகளின் சாவியை இதற்காக ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன். மற்றப் பங்காளிகளின் கையெழுத்தையும் நானே வாங்கித் தருகிறேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முதற்பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னையில் வாழும் ஒரு புள்ளி