தோற்ற பிறகும் ஆட விடுங்கள்

ஸ்ட்ராட்டஜி கேம்களை உருவாக்கும் வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஓர் அரச வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்தும் க்ரூசேடர் கிங்ஸ் 3 கணினி ஆட்டத்தில் என் சோழ அரசன் இறந்துபோனான். 1066-இல் வீரராஜேந்திரரை எடுத்துக்கொண்டு தொடங்கிய ஆட்டம் அது. அவருக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று மூன்றாம் தலைமுறைக்கு வந்திருந்தேன். வேட்டைக்குப் போன இடத்தில் பேரன் அடிபட்டு 34 வயதில் போய்விட்டான். மூத்த பிள்ளைக்கு ஆறு வயது. நாடு மூன்று பிள்ளைகளுக்கும் பங்காகப் பிரிந்தது. அடுத்த மாதமே சிற்றரசர்கள் கலகத்தில் இறங்கினார்கள்.

உடனே எஸ்கேப் பட்டனை அழுத்தி, ஆட்டம் தானாகவே சேமித்து வைத்திருந்த பழைய சேவ் ஃபைலை லோடு பண்ணி, அவன் இறப்பதற்கு முன்னால் போனேன். இந்தத் தடவை வேட்டைக்குப் போகவில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து அம்மை வந்து இறந்தான். மறுபடி லோடு. அப்புறம் மறுபடி. இரவு ஒரு மணிக்குள் அந்த ஒரே வருடத்தை நான்கு முறை வாழ்ந்திருந்தேன். நான்காவது தடவை அரசன் பிழைத்துக்கொண்டான், எதுவும் தப்பாக நடக்கவில்லை. எனக்குத்தான் ஆட்டத்தின் மேல் இருந்த பிடிப்பு விட்டுப்போயிற்று. அடுத்து என்ன ஆகுமோ என்ற ஆவலில் உட்கார்ந்திருந்தவன், நடந்ததைத் திருத்தி எழுதும் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டேன். கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, ஆறு வயதுப் பையன் அரியணையில் இருந்த அந்த முதல் சேவ் ஃபைலைத் திறந்தேன். வேறு எதையும் தொடாமல் அங்கிருந்தே ஆடினேன். தம்பிகளின் பங்கு கையை விட்டுப் போனது. கலகக்காரர்கள் கேட்டதைக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். பத்து வருடம் படை திரட்டவே காசு இல்லை. அந்தப் பையன் வளர்ந்து, 27 வயதில் பாட்டன் ஆண்ட நிலத்தில் பாதியை மீட்டபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். இதுவரை ஆடியதில் என் மனதில் நிற்கும் ஆட்டம் அதுதான்.

நிஜ வரலாற்றிலும் வீரராஜேந்திரர் 1070-இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த அதிராஜேந்திரர் சில மாதங்களிலேயே மறைந்தார். நேர்வழி வாரிசு அறுந்தது. ஒரு ஆட்டக்காரன் லோடு பட்டனைத் தேடும் இடம் இதுதான். ஆனால் அங்கேதான் முதலாம் குலோத்துங்கர் வருகிறார். கீழைச் சாளுக்கிய மன்னரின் மகன், தாய்வழியில் ராஜேந்திர சோழரின் பேரன். அவர் சுமார் அரை நூற்றாண்டு ஆண்டார். வாரிசு அறுந்திராவிட்டால் அந்த அரை நூற்றாண்டே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லோடு பண்ணுகிறவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டும் கூட்டத்தில் நான் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு, 40 மணி நேர ஆட்டத்தை ஒரே தப்பால் தூக்கிப் போடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நான் கேட்பது உங்களிடம். ஆட்டக்காரனின் கை ஏன் லோடு பட்டனுக்குப் போகிறது என்று நீங்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் காரணம் ஒன்றாக இருப்பதில்லை.

கை தவறுவது ஒரு காரணம். பக்கத்துக் கட்டத்தில் நிறுத்த நினைத்த படை, மவுஸ் வழுக்கியதால் ஆற்றைத் தாண்டி எதிரியின் நடுவில் போய் நின்றுவிடும். அது ஆட்டக்காரனின் முடிவே இல்லை. அதைத் திருத்தப் பழைய சேவ் ஃபைலையே திறக்க வேண்டியிருப்பது ஆட்டத்தின் குறை. 2018-இல் வந்த இன்ட்டூ த ப்ரீச் இதை அழகாகத் தீர்த்தது. நகர்த்திய இயந்திரத்தை, அது தாக்கும் முன்னால் பின்வாங்கிக்கொள்ளலாம். போதாதென்றால் ஒரு சண்டைக்கு ஒரு முறை முழுத் திருப்பத்தையும், அதாவது நம் டர்னில் ஆடிய அத்தனையையும், முதலிலிருந்து ஆடலாம். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதும் திரையிலேயே தெரியும். இவ்வளவும் கையில் கொடுத்த பிறகு தோற்றால் அந்தத் தோல்வியை ஆட்டக்காரன் ஏற்றுக்கொள்கிறான். நான் ஏற்றுக்கொண்டேன், பல முறை.

அடுத்தது பகடை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் சண்டையெல்லாம் இங்கேதான். வேற்றுக்கிரகவாசிகளை எதிர்த்து வீரர்களை நடத்தும் எக்ஸ்காம் ஆடிய எல்லோருக்கும், 95 சதவீதம் படும் என்று திரை காட்டிய குறி தவறிய அனுபவம் இருக்கும். தவறியதும் ஆட்டம் பொய் சொல்கிறது என்று தோன்றும். ஆனால் 95 சதவீதம் என்றால் 20-இல் ஒன்று தவறும் என்றுதான் பொருள். அப்படி 20 முறை சுட்டால், ஒன்றாவது தவறும் வாய்ப்பு கிட்டத்தட்ட 64 சதவீதம். கணக்கு சரிதான், மனம்தான் ஒப்புக்கொள்வதில்லை. 2010-இல் கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில், நாகரிகங்களை வளர்க்கும் சிவிலைசேஷன் ஆட்டத்தை உருவாக்கிய சிட் மெயர் பேசியதும் இதைப் பற்றித்தான். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தில் நிற்பவர் தோற்றால் அநியாயம் என்கிறார், அதே ஆள் ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் ஜெயித்தால் வாய் திறப்பதில்லை.

இந்த மனதைச் சமாளிக்க நீங்கள் இரண்டு வழி எடுத்தீர்கள். ஒன்று, ராண்டம் சீடைச் சேவுக்குள்ளேயே பூட்டி வைப்பது. அடுத்து விழப்போகும் எண்களின் வரிசை முன்பே முடிவாகியிருக்கும், லோடு பண்ணி அதே காரியத்தை அதே வரிசையில் செய்தால் அதே முடிவுதான் வரும். 2005-இல் வந்த சிவிலைசேஷன் 4 அப்படித்தான் நடந்துகொள்ளும், வேண்டாதவர்கள் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். 2012-இன் எக்ஸ்காமிலும் இதே பூட்டு இருந்தது. இதனால் லோடு பண்ணுவது நின்றதா? நிற்கவில்லை. கெட்ட எண்ணை வேறொரு வீரனின் வீண் சுடுதலில் கழித்துவிட்டு, அடுத்த எண்ணுக்கு முக்கியமான ஆளைக் கொண்டு வரும் வித்தையை ஆட்டக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். நானும் செய்திருக்கிறேன். படை நடத்த உட்கார்ந்தவன் எண்களுக்கு வரிசை போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வழி, உதவியை மறைத்துக் கொடுப்பது. எக்ஸ்காமின் எளிய நிலைகளில் குறி தொடர்ந்து தவறினால், திரையில் காட்டும் எண்ணைவிட உள்ளே வாய்ப்பைக் கூட்டிவிடுவார்கள். இரக்கத்தில் செய்ததுதான், புரிகிறது. ஆனால் அதில் பழகியவனுக்கு 85 சதவீதம் என்றால் நிச்சயம் என்றே மனதில் பதிந்துவிடும். கடினமான நிலைக்கு ஏறும்போது அந்த உதவி சத்தமில்லாமல் போய்விடும், அவன் கை லோடு பட்டனுக்கு ஓடும். உதவி செய்யுங்கள், ஆனால் கூட்டிய எண்ணையே திரையிலும் காட்டுங்கள். 85 என்றால் 85-ஆகவே இருக்கட்டும்.

ஆட்டம் தொடங்கும் முன்பே நடக்கும் லோடு ஒன்றும் உண்டு. சிவிலைசேஷன் 6-இல் முதல் திருப்பத்தில் ஆறு இல்லை, மலை இல்லை, பக்கத்தில் பனிக்காடு என்றால் ரீஸ்டார்ட். ஒரு மாலை முழுக்க அப்படியே போன நாட்கள் எனக்கு உண்டு. நல்ல தொடக்கம் வேண்டுமென்றால் அதற்கான தேர்வு அமைப்பிலேயே இருக்கிறது, லெஜண்டரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பலர் அதைத் தொடுவதில்லை. சாதாரண அமைப்பில், அதிர்ஷ்டத்தால் நல்ல இடம் கிடைத்தது போல இருக்க வேண்டும் என்பது ஆசை. இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இது நாங்களே யோசிக்க வேண்டியது.

இனி அயர்ன்மேன். ஒரே சேவ், ஆட்டம் தானாகவே அதன் மேல் எழுதிக்கொண்டு போகும், திரும்ப வழி கிடையாது. லோடு பண்ணாமல் ஆட விரும்புகிறவனுக்கு இது பெரிய துணை, எனக்கும்தான். ஆனால் அதைக் கட்டியிருக்கும் விதம் சரியில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு அயர்ன்மேன் ஆட்டத்தில் 60 மணி நேரம் ஆடியிருந்தேன். ஆட்டம் சேவ் எழுதிக்கொண்டிருந்த நொடியில் மின்சாரம் போனது. திரும்ப வந்து பார்த்தால் ஃபைல் திறக்கவே இல்லை. போரில் தோற்றிருந்தால் ஒரு பெருமூச்சோடு முடிந்திருக்கும். இது தோல்விகூட இல்லை. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை, அதன் பிறகு ஒரு வருடம் அயர்ன்மேன் பக்கம் போகவில்லை. ஆட்டக்காரனின் மனஉறுதியைச் சோதிக்கக் கட்டிய முறை கடைசியில் வீட்டு மின்சாரத்தைச் சோதித்தது. இதற்கு மேல் பல ஆட்டங்களில் சாதனைப் பதக்கங்கள் அயர்ன்மேனில் ஆடினால் மட்டுமே என்று வைத்திருந்தீர்கள்.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. செஸ் கிளப்பில் கற்றது. அங்கே டச் மூவ் என்பார்கள், காயைத் தொட்டால் அந்தக் காயைத்தான் ஆட வேண்டும். யாரும் அதை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஏனென்றால் ஆட்டம் முடிந்ததும் இருவரும் அதே பலகையில் காய்களைத் திரும்ப அடுக்கி, 23-ஆவது நகர்த்தலுக்குப் போய், இங்கே யானையை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பார்கள். ஆடும்போது பின்வாங்க முடியாது, ஆடி முடித்தபின் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நான் செஸ்ஸில் கற்றதில் முக்கால்வாசி அந்த அரை மணி நேரத்தில் கற்றதுதான்.

அயர்ன்மேனும் அப்படி இருக்கட்டும். ஆட்டம் ஓடும்போது பழைய சேவ்களை எங்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள், ஆனால் அழிக்காதீர்கள். பத்துத் திருப்பத்துக்கு ஒன்று உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கட்டும். ஃபைல் கெட்டுப்போனால் ஆட்டமே முந்தையதை எடுத்துத் திறக்கட்டும். ஜெயித்தோ தோற்றோ ஆட்டம் முடிந்த பிறகு எல்லாவற்றையும் எங்களுக்குத் திறந்துவிடுங்கள். 60-ஆவது திருப்பத்தில் அந்தப் போரில் இறங்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது போய்ப் பார்ப்பேன். அது பதக்கத்துக்கு வேண்டாம், நான் தெரிந்துகொள்ளத்தான். ஆட்டத்தின் நடுவில் லோடு பட்டனை நோக்கி இழுப்பதில் பாதி இந்த ஆவல்தான். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் இப்போது பொறுத்துக்கொள்ள முடியும்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று மிச்சம் இருக்கும், எனக்கு அதுதான் முக்கியம். பெரும்பாலான ஆட்டங்களில் தோற்கத் தொடங்கியவனுக்குச் செய்ய எதுவும் இருப்பதில்லை. தலைநகரம் போன பிறகு இன்னும் 100 திருப்பம் எண்டு டர்ன் அழுத்திக்கொண்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் லோடு பண்ணுகிறவனை நான் எப்படிக் குறை சொல்ல?

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சிவிலைசேஷன் 6-க்கு 2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தில் இருண்ட காலம் என்று ஒன்று வரும். விசுவாசம் குறையும், நகரங்கள் கைவிட்டுப் போகலாம். ஆனால் இருண்ட காலத்தில் மட்டுமே எடுக்கக்கூடிய கொள்கை அட்டைகள் உண்டு. அங்கிருந்து ஏறி அடுத்த யுகத்தைப் பொற்காலமாக்கினால் அது வீரயுகமாக மாறி, சாதாரணப் பொற்காலத்தைவிட அதிகம் தரும். இதற்காகவே தெரிந்தே இருண்ட காலத்துக்குள் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபயர் எம்ப்ளம் ஆட்டத்தொடர் வேறு பக்கத்திலிருந்து வந்தது. அங்கே கிளாசிக் முறையில் போரில் செத்த வீரன் செத்தவன்தான் என்பதால், ஒரு ஆள் விழுந்ததும் அத்தியாயத்தையே முதலிலிருந்து ஆடுவது ஆட்டக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்தத் தொடரில் 2019-இல் வந்த த்ரீ ஹவுசஸ், காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் சக்தியைக் கதைக்குள்ளேயே வைத்துத் தொடக்கத்தில் 3 முறை என்று அளந்து கொடுத்தது. எண்ணிக்கை இருப்பதால் ஒவ்வொன்றையும் செலவு செய்ய யோசிக்கிறோம். லோடு பண்ணுவதே ஒரு வியூகமாகிவிட்டது.

செஸ் உலக சாம்பியன் போட்டிகூட அப்படிக் கட்டப்பட்டதுதான். 2024-இல் சிங்கப்பூரில் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே தோற்றார், அதுவும் வெள்ளைக் காயோடு. 12-ஆவது ஆட்டத்திலும் தோற்றார். 14 ஆட்டங்கள் என்று இருந்ததால் இரண்டு தோல்விக்குப் பிறகும் அவருக்கு ஆட இடம் இருந்தது, கடைசி ஆட்டத்தில் சாம்பியன் ஆனார்.

அதனால் அடுத்த ஆட்டத்தைச் சோதிக்க ஆட்களைக் கூப்பிடும்போது ஒன்று செய்யுங்கள். ஜெயித்துக்கொண்டிருக்கும் சேவ் ஃபைலைக் கொடுக்காதீர்கள். தலைநகரம் போன, கஜானா காலியான, அரியணையில் ஆறு வயதுப் பையன் உட்கார்ந்திருக்கும் சேவ் ஃபைலைக் கொடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, இன்னும் கொஞ்ச நேரம் ஆடலாமா என்று அவர்கள் கேட்கிறார்களா பாருங்கள். கேட்காவிட்டால் ஆட்டத்தை வெளியிடாமல் இன்னும் சில மாதம் வைத்திருங்கள். நாங்கள் காத்திருப்போம்.

அன்புடன்,
அந்தப் பையனை 27 வயது வரை வளர்த்த ஒரு ஆட்டக்காரன்