எண் மாறினால் ஆளும் மாறிவிடுவாரா? லாகின் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய லாகின் பிரிவினருக்கு,

வணக்கம். பழைய தொலைபேசி எண் கைவிட்டுப் போனதால் கணக்குக்குள் நுழைய முடியவில்லை என்று உங்களுக்கு எத்தனையோ புகார்கள் வந்திருக்கும். என் அம்மாவின் புகாரும் அதில் ஒன்று. மூன்று முறை எழுதினோம். மூன்று முறையும் ஒரே பதில்: "பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓடிபியை உள்ளிட்டு எண்ணை மாற்றிக்கொள்ளவும்."

அந்த எண்தான் அவரிடம் இல்லையே. கொஞ்ச காலம் பயன்படுத்தாமல் விட்டதில் சிம் செயலிழந்து, எண் வேறொருவருக்குப் போய்விட்டது.

போன வாரம் வேறு வழி தெரியாமல் அந்த எண்ணுக்கே அழைத்தேன். எடுத்தவர் முன்பின் தெரியாதவர். விஷயத்தைச் சொன்னதும், "சரி, அனுப்புங்க, பார்க்கிறேன்" என்றார். அம்மா பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் 30 விநாடி குறைந்துகொண்டே வந்தது. போனில் இருந்தவர் 6 இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார், குறுஞ்செய்தியின் கடைசி வரியையும் சேர்த்தே படித்தார்: "இதை யாரிடமும் பகிர வேண்டாம்."

கணக்கு திறந்தது. அம்மா முகத்தில் சந்தோஷம் இல்லை. "அப்போ இத்தனை நாளும் அவர் நினைச்சிருந்தா உள்ளே போயிருக்கலாமா?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

நானும் நிரல் எழுதிப் பிழைப்பவன்தான். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: தொலைபேசி எண்ணை ஆளின் அடையாளமாக வைக்காதீர்கள். ஒவ்வொரு பயனருக்கும் என்றும் மாறாத ஓர் உள் ஐடி இருக்கட்டும். எண்ணும் மின்னஞ்சலும் அதோடு சேர்த்துக்கொள்ளவும் கழற்றிவிடவும் கூடிய விவரங்களாக இருக்கட்டும். இது புதிய யோசனை இல்லை. ஒரு கணக்கைக் கொண்டே வேறு தளங்களிலும் நுழைய வழிசெய்யும், 2014இல் வந்த ஓபன்ஐடி கனெக்ட் தரநிலையே, மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ பயனரின் தனி அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எண்ணை மாற்றுவதை எளிதாக்கினால் திருடர்களுக்கும் எளிதாகிவிடும் என்பீர்கள். நியாயமான பயம்தான். அதற்குச் சில நாள் காத்திருப்பு வையுங்கள், பழைய மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை அனுப்புங்கள், எண் போனாலும் உள்ளே வர உதவும் மீட்புக் குறியீடுகளைக் கணக்கு தொடங்கும்போதே கொடுத்துவிடுங்கள். சிக்னலே இல்லாத இடத்திலும் போனிலேயே ஓடிபியை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலிகள் இருக்கின்றன. பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையாலோ போனின் பூட்டாலோ உள்ளே நுழைய விடும் பாஸ்கீக்கு அடிப்படையான வெப்ஆதென் 2019 மார்ச்சிலேயே இணையத் தரநிலை ஆகிவிட்டது. ஆனால் உங்கள் பக்கத்தில் இன்றும் ஒரே ஒரு கதவு.

பாஸ்வேர்டை நகலெடுத்து ஒட்ட விடாமல் தடுப்பது, 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி வதைப்பது என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது. இரண்டும் வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017இலேயே வழிகாட்டிவிட்டது. கோபம் எங்கெங்கோ இழுக்கிறது, மன்னிக்கவும். கேட்க வந்தது அந்த ஒன்றைத்தான்: எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள், உள்ளே வர இன்னொரு வழி கொடுங்கள்.

உள்ளே போன பிறகும் எண்ணை மாற்ற முடியவில்லை. அதற்கும் பழைய எண்ணுக்கு இன்னொரு ஓடிபி போகிறது. அந்த மனிதரை மறுபடி தொந்தரவு செய்ய அம்மாவுக்கு மனம் வரவில்லை. அதனால் அம்மாவின் கணக்கு இன்றைக்கும் ஓர் அந்நியரின் எண்ணில்தான் இருக்கிறது. தயவுசெய்து முதலில் அதை மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயனர் ஒருவரின் மகன்