ஹவுஸ் சர்ஜன் மேல கேஸ் வந்தா யாரு பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களுக்காக நீங்க போட்ட மருத்துவப் படிப்பு வழிகாட்டி பக்கத்த முழுசா படிச்சேன், நீட் கட்ஆஃப், சீட்டு, ஃபீஸ் எல்லாம் விளக்கமா இருந்துச்சு. ஆனா எங்க அக்கா பேத்தி அத படிச்சிட்டு என்கிட்ட கேட்ட கேள்விக்கு அதுல பதில் இல்ல. "சின்னப் பாட்டி, எனக்கு எமர்ஜென்சி மெடிசின் தான் பிடிச்சிருக்கு, ஆனா காஷுவால்ட்டில, அதான் அவசர சிகிச்சைப் பிரிவுல, நான் டியூட்டி பாக்கும்போது யாராவது இறந்துட்டா என்மேல போலீஸ் கேஸ் வருமா"ன்னு கேக்குறா. நான் ஒரு அரசு ஆஸ்பத்திரில காஷுவால்ட்டி ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ, அதனால சும்மா பயப்படாதம்மான்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல. அதுலயும் ஹவுஸ் சர்ஜன், அதாவது எம்பிபிஎஸ் கடைசில ஒரு வருஷம் ஆஸ்பத்திரில பயிற்சியா (இன்டர்ன்ஷிப்) வேலை பாக்குற பிள்ளைங்க, அவங்கள நினைச்சாத்தான் எனக்கு கவலை.

ஆறுதலான விஷயமும் இருக்கு. 2005ல ஜேக்கப் மேத்யூ வழக்குல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிருக்கு, சிகிச்சைல சாதாரணமா நடக்குற பிசகு கிரிமினல் குத்தம் ஆகாது, ரொம்ப மோசமான அலட்சியமா இருந்தாத்தான் கேஸு, அதுவும் விவரம் தெரிஞ்ச வேற ஒரு டாக்டர், முடிஞ்சா அரசு டாக்டர், அவர்கிட்ட கருத்து வாங்கணும், கேஸ் வந்துருச்சேன்னு உடனே அரெஸ்ட் பண்ணக் கூடாதுன்னு. இவ்வளவு சொல்லியும் 2022ல ராஜஸ்தான் தௌசா மாவட்டத்துல பிரசவத்துக்கப்புறம் ரத்தப்போக்குல ஒரு தாய் இறந்துபோனதுக்கு டாக்டரம்மா மேல கொலை கேஸே போட்டாங்க, அந்த டாக்டரம்மா தற்கொலை பண்ணிக்கிட்டாங்க. தீர்ப்பு டெல்லில இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு காஷுவால்ட்டி வாசல்ல கூட்டம் கூடி நிக்கும்போது போலீஸ் ஸ்டேஷன்ல இருக்குறவருக்கு அது தெரிஞ்சிருக்கணுமே.

இப்ப நான் சொல்ல வந்தது வேற. 2024 ஜூலை 1லேர்ந்து ஐபிசிங்கற பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதாங்கற புதுச் சட்டம் வந்துருச்சு. பழைய 304ஏ பிரிவுல அலட்சியத்தால மரணம்னா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா அபராதம், இல்ல ரெண்டும். புதுசா வந்த 106ம் பிரிவுல அது அஞ்சு வருஷம் வரைக்கும் ஆயிருச்சு. டாக்டருங்களுக்கு மட்டும், சிகிச்சை பண்ணும்போது நடந்ததா இருந்தா, ரெண்டு வருஷம் வரைக்கும், கூடவே அபராதம்னு தனியா வச்சிருக்காங்க. இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தப் பிரிவுக்கு கீழ ஒரு விளக்கம் இருக்கு, அங்கதான் எனக்கு கவலை. டாக்டர்னா யாருன்னா, அங்கீகாரம் பெற்ற மருத்துவப் பட்டம் வச்சிருந்து, தேசிய அல்லது மாநில மருத்துவப் பதிவேட்டுல பேரு ஏறியிருக்கறவங்கன்னு அதுல எழுதியிருக்கு. ஹவுஸ் சர்ஜன் பிள்ளைங்க கையில இருக்கறது தற்காலிகப் பதிவு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் முடிச்சாத்தான் எம்பிபிஎஸ் பட்டமே கைக்கு வரும். எழுதியிருக்கறபடியே படிச்சா அந்த ரெண்டு வருஷ வரம்பு பக்கத்துல நிக்கிற டியூட்டி டாக்டருக்கு உண்டு, அவரு சொல்லி ஊசி போட்ட பிள்ளைக்கு கிடையாது. ஒரே பேஷண்ட், ஒரே நிமிஷம், சின்னவங்களுக்கு அஞ்சு வருஷமா? இதுல என்ன நியாயம் இருக்குன்னு எனக்கு புரியல.

விதிப்படி பாத்தா ஹவுஸ் சர்ஜன் தனியா வேலை பாக்கவே கூடாது, பெரிய டாக்டர் மேற்பார்வைல தான் பாக்கணும், இறப்புச் சான்று, போலீஸ், கோர்ட்டுக்குப் போற மெடிக்கோ லீகல் பேப்பர் எதுலயும் அவங்க கையெழுத்து போடக் கூடாது. நடக்குறது என்னன்னு காஷுவால்ட்டில ஒரு ராத்திரி நின்னவங்களுக்கு தெரியும். டியூட்டி டாக்டர் ஒருத்தர், அவரு உள்ள ஒரு விஷம் குடிச்ச கேஸுக்கு டியூப் போட்டுட்டு இருப்பாரு, அதே நேரத்துல பைக் ஆக்சிடென்ட் ரெண்டு வரும், நெஞ்சு வலின்னு ஒருத்தர் வருவாரு, ஈசிஜி எடுக்குறது, ட்ரிப்ஸ் ஏத்த லைன் போடுறது, ஏ.ஆர்.ங்கற விபத்துப் பதிவேட்டுல என்ட்ரி எழுதுறது எல்லாம் இந்தப் பிள்ளைங்க தான். அப்புறம் ஒரு போலீஸ் கேஸ்னு வந்தா முதல்ல பாக்குறது கேஸ் ஷீட்டுல யாரு கையெழுத்துன்னு தான். எனக்குத் தெரிஞ்சு இந்தப் பிள்ளைங்க யாருக்கும் போஸ்டிங் போடும்போது இத எடுத்துச் சொன்னது கிடையாது.

108 ஆம்புலன்ஸ்ல முதலுதவி பாக்க போற இஎம்டி (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்) பசங்க நிலைமை இன்னும் மோசம். அதுல சில பேரு அடுத்த வருஷம் நீட் எழுதி எம்பிபிஎஸ் போகணும்னு ராத்திரி ஷிஃப்ட்டுக்கு நடுவுல படிக்கிற பிள்ளைங்க. வண்டிக்குள்ள, போன்ல டாக்டர் சொல்றத கேட்டுக்கிட்டு, குலுங்குற ரோட்டுல ஊசி போடுறான். அவங்கள சுகாதாரப் பணியாளர்னு, மருத்துவம் சார்ந்த பணியாளர்களுக்காக 2021ல வந்த சட்டத்துலயே சேத்துருக்காங்க, ஆனா 106 விளக்கத்துல அவங்க பேரு இல்ல. ஆபத்துல உதவுறவங்களுக்குன்னு மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவு இருக்கே, அது காப்பாத்தாதான்னு கேக்கலாம். அது சாலை விபத்துல தானா முன்வந்து, காசு எதிர்பாக்காம உதவுறவங்களுக்கு. லீவுல ஊருக்குப் போற மெடிக்கல் ஸ்டூடண்ட் ரோட்டுல அடிபட்டவருக்கு ரத்தத்த நிறுத்தினா பாதுகாப்பு உண்டு, தைரியமா செய்யலாம், இத எல்லா பிள்ளைங்களும் தெரிஞ்சுக்கணும். சம்பளத்துக்கு டியூட்டி பாக்குறவனுக்கு அது பொருந்தாது. பஸ்ல ஒருத்தர் நெஞ்சு வலில சாஞ்சா, அது ஆக்சிடென்ட் இல்லங்கறதால அதுக்கும் பொருந்தாது.

அதுக்காக யாரு தப்பு பண்ணாலும் விட்டுருங்கன்னு நான் சொல்லல. பெத்த பிள்ளைய பறிகொடுத்தவங்க அழுறதையும் பக்கத்துல நின்னு பாத்தவ நான், அவங்களுக்கு உண்மை தெரிஞ்சே ஆகணும். நான் கேக்குறது, 106 விளக்கத்துல ஹவுஸ் சர்ஜனையும் இஎம்டியையும் நர்ஸையும் சேக்கணும். அது வர்ற வரைக்கும் நம்ம சுகாதாரத் துறை ஒரு அரசாணை போடலாம், எந்த ஷிஃப்ட்டுல எந்த டாக்டர் பொறுப்புன்னு காஷுவால்ட்டில எழுதி ஒட்டணும், ஹவுஸ் சர்ஜன் மேல புகார் வந்தா டீன் ஆபீஸ் வக்கீல் வச்சு குடுக்கணும். உங்க வழிகாட்டி பக்கத்தோட அடுத்த பகுதில கிரிமினல் வக்கீல் ஒருத்தரையும் காஷுவால்ட்டி டாக்டர் ஒருத்தரையும் உக்கார வச்சு இந்தக் கேள்வியெல்லாம் கேட்டுப் போடுங்க, அக்கா பேத்தி கவுன்சிலிங்குக்கு போறதுக்கு முன்னாடி வந்தா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
தென்காசி மாவட்டம்.