அந்தப் புல்லை அப்படியே விடுங்கள்

வாட்டர்வேஸ் அயர்லாந்து நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நாட்டின் நீர்வழிகளைக் கவனிக்கும் அமைப்பு நீங்கள் என்பதால் கிரேக்னமானா பற்றி எழுதுகிறேன். பாரோ நதிக்கரையில் கில்கென்னி கவுண்டி (மாவட்டம்) முடிகிற இடத்தில் இருக்கும் சின்ன ஊர். பாலத்தைத் தாண்டினால் டின்னஹின்ச், அது கார்லோ கவுண்டி. அங்கிருந்து செயின்ட் முல்லின்ஸ் வரை கரையோரமாகப் போகும் புல்பாதை உங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதைக் கெட்டிப்பாதையாக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஒருநாள் காலையில் அதில் நடந்தேன். பத்து நிமிடத்தில் ஷூவுக்குள் பனி இறங்கி, சாக்ஸ் சொதசொதவென்று ஆகிவிட்டது. வழியில் ஒரு நாரை மட்டும்தான் துணை. கெட்டிப்பாதையாக இருந்தால் கால் நனைந்திருக்காது, உண்மைதான். ஆனால் சைக்கிளுக்கு வழிவிட்டு வழிவிட்டே நடந்திருப்பேன், நாரையும் நின்றிருக்காது.

இது படகிழுத்த குதிரைகளின் பாதை. நதியின் மேல்பகுதியில் இருக்கும் அத்தாய் ஊரிலிருந்து செயின்ட் முல்லின்ஸ் வரை 23 லாக்குகள், அதாவது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் மதகுகள். அவற்றைத் திறந்து மூடி, இந்தப் பள்ளத்தாக்கின் தானியமும் பீர் காய்ச்சுவதற்கான மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) டப்ளின் வரை போயின. அப்புறம் எஞ்சின் வந்தது, குதிரைகள் போயின, படகுச் சரக்கும் நின்றது. புல் மட்டும் மிச்சம். இதன்மேல் கல்தூள் கொட்டி இறுக்கும் திட்டம் ஒன்று வந்தது. கார்லோ பகுதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அது வேறு பெயரில் திரும்பி வந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

ஊருக்குள் இருக்கும் டூயிஸ்க் மடத்துக்குப் போயிருப்பீர்கள். ஆங்கிலோ-நார்மன் பிரபு வில்லியம் மார்ஷல் 1204-இல் நிறுவிய, சிஸ்டர்சியர் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம். 1744-இல் கோபுரம் இடிந்து உள்ளே விழுந்தது. இடிபாட்டை அள்ளாமல் அதன்மேலேயே தரை போட்டுவிட்டார்கள். பழைய தரை இன்றைக்குச் சுமார் 5 அடி கீழே கிடக்கிறது. அந்தக் காலத்து ஓடுகள் பதித்த துண்டு ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் படியிறங்க வேண்டும். அன்று அவர்களுக்கு வேறு வழியில்லை, சரி. உங்களுக்கு என்ன அவசரம்?

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகப் படகுத்துறையை ஒட்டிச் சிறிது தூரம் கெட்டியாக்குங்கள், நானே கைதட்டுவேன். வெள்ளத்தில் கரை அரித்த இடங்களை மண் போட்டு அடைத்துவிடுங்கள். மற்ற இடத்தில் புல்லை வெட்டினால் போதும். அதையும் கொஞ்சம் அடிக்கடி வெட்டுங்கள். சில இடங்களில் முழங்கால் வரை வளர்ந்திருந்தது.

இப்படிக்கு,
சாக்ஸ் நனைந்த ஒருவன்