ஆற்காட்டு ரூபாயும் பத்து ரூபாய் நாணயமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை காலை, வேலூர் நேதாஜி மார்க்கெட் அருகே பூ வாங்கியபோது, பூசைத் தட்டில் கிடந்து எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பூக்கார அம்மாவிடம் கொடுத்தேன். மாலையில் அதே தெருவில் தேநீர் குடித்துவிட்டு மீதிச் சில்லறையை வாங்கிப் பார்த்தால், அதே மஞ்சளோடு அந்த நாணயம் என் உள்ளங்கையில் இருந்தது. பூ கட்டும் நாருக்கும், யாரோ ஒருவரின் பசிக்கு இரண்டு இட்லிக்கும், கறிவேப்பிலைக் கட்டுக்கும் என்று ஒரே பகலில் அது எத்தனை பேரின் தேவையைத் தீர்த்துவிட்டு வந்திருக்குமோ என்று எண்ணி, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பும் வழியில் ஒரு மளிகைக் கடையில் அதை நீட்டியபோது, "இது செல்லாதும்மா, நோட்டா குடுங்க" என்று கடைக்காரர் தள்ளிவிட்டார். ரூபாய்க் குறியீடு இல்லாதது, கோடுகளின் எண்ணிக்கை வேறானது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியோடு செல்லாமல் போனவை 25 பைசாவும் அதற்குக் கீழானவையும்தான். ஐம்பது பைசாகூட இன்னும் சட்டப்படி செல்லும்.

இது நம் மண்ணில் நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் பிறைக் குறியிட்டும், ஆங்கிலேயர்கள் சென்னையில் தாமரைக் குறியிட்டும் வெள்ளிக்காசு அடித்தார்கள். இரு தரப்புமே அதில் ஆற்காட்டின் பெயரைத்தான் பொறித்தார்கள், ஏனென்றால் அந்தப் பெயருக்குத்தான் சந்தையில் மதிப்பு இருந்தது. வேறு ஊரில் அடித்த காசையே நம் ஊர்ப் பெயருக்காக நம்பி வாங்கினார்கள்.

ஆகவே, மாவட்ட நிர்வாகமும் வங்கிகளும் வணிகர் சங்கங்களோடு பேசி, "பத்து ரூபாய் நாணயம் இங்கே வாங்கப்படும்" என்ற அறிவிப்பைக் கடைதோறும் வைக்கச் செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மஞ்சள் ஒட்டிய அந்த நாணயத்தை நான் உண்டியலில் போட்டு முடக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் பூக்கார அம்மாவிடமே கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.