வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நம் பழைய இதழ்களைப் பற்றி.

எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டோம் என்று சென்ற ஆண்டு மகிழ்ந்தோம். ஊர்க் குளத்தைப் பற்றி எழுத வந்த ஒரு மாணவி ‘குளம்’ என்று தேடியபோதுதான் குறை தெரிந்தது. சில பக்கங்களே வந்தன. குளத்தில், குளத்தை, குளத்துக்கரை என்று இருந்தவை எதுவும் வரவில்லை. அவற்றில் ‘குளம்’ அப்படியே இல்லையே! சரி, ‘குள’ என்று தேடினால் குளவி, குளியல், குளிர் எல்லாம் கூடவே வந்தன. கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடில் ‘ளி’ என்பது ளகரத்தோடு இகரக் குறி சேர்ந்தது. ஆகவே கணினிக்கு ‘குள’வும் ‘குளி’யின் முன்பகுதியும் ஒன்றுதான்.

இதற்காக, ‘குளத்தில்’ என்பதிலிருந்து ‘குளம்’ கிடைக்கும்படி, ‘அத்து’ச் சாரியையைப் பிரித்து மகர ஈற்றுச் சொல்லைத் தரும் விதி ஒன்றை நம் இளைஞர்கள் எழுதினார்கள். ‘ஆபத்தை’ உடனே ‘ஆபம்’ ஆகிவிட்டது! அப்புறம் விதிவிலக்குப் பட்டியல் ஒன்றைச் சேர்த்தோம். அது இன்னும் வளர்கிறது. பள்ளியில் படித்த புணர்ச்சி இலக்கணம் இப்படிக் கைகொடுத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

தட்டச்சிலும் ஒரு சிக்கல். ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், எகரக் குறி, கால் என இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வெவ்வேறு. இப்போது எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பிறகே சொல்லடைவில் சேர்க்கிறோம். நூலின் பின்னால் வரும் சொல்லடைவு போன்றதுதான் இதுவும்: எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று முன்கூட்டியே குறித்து வைப்பது.

முடிவுகளை வரிசைப்படுத்த, பிரிட்டிஷ் கணினி அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்த கருத்தைப் பின்பற்றினோம். சில பக்கங்களில் மட்டும் வரும் சொல்லுக்கே எடை அதிகம். நம் இதழ்களில் ‘கூட்டம்’ வராத பக்கம் அரிது, அதனால் அதற்கு எடை மிகக் குறைவு. ‘மதகு’ என்று கேட்டால் உரிய பக்கம் மேலே வந்து நிற்கிறது.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய இதழ்கள்தான் மிச்சம். பழைய ணை, லை, னா, றா வடிவங்களை, ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் தப்பாகவே படிக்கிறது. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பழைய எழுத்தில் படித்துப் பழகிய மூத்த உறுப்பினர்கள் ஞாயிறு காலைகளில் வந்து உதவ வேண்டுகிறேன். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்